ஐந்நூறுக்கு ஒன்று

கார்பன் அணுவும் பாஸ்பரஸ் அணுவும் நேரடியாகப் பிணைந்த ஒரு சேர்மத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டாலும், அந்தப் பிணைப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதே கொதியில் புரதங்கள் அமினோ அமிலங்களாக உதிர்ந்துவிடும். சாதாரண பாஸ்பேட் சேர்மங்களும் தங்கள் பாஸ்பேட்டை இழந்துவிடும். இது மட்டும் அசையாது.

உடலில் பாஸ்பரஸ் என்றால் அதைச் சுற்றி ஆக்சிஜன்தான். டி.என்.ஏ.வின் முதுகெலும்பிலும் ஏ.டி.பி.யிலும் செல் சவ்விலும் கார்பனுக்கும் பாஸ்பரஸுக்கும் நடுவில் ஓர் ஆக்சிஜன் அணு நிற்கிறது. அந்த ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நீரும் நொதிகளும் எளிதாக வெட்டும். உயிருக்கு அது வசதி. கட்டவும் வேண்டும், அவிழ்க்கவும் வேண்டும். ஆக்சிஜனை விலக்கிவிட்டு இரண்டையும் நேராக இணைத்தால் கிடைப்பது பாஸ்போனேட். அதை அவிழ்க்கும் கருவி நம் உடலில் இல்லை.

வேலூரில் கல்லூரி மாணவர்களுக்கு உயிர்வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் இந்தப் பிணைப்புக்குத் தனி அத்தியாயம் கிடையாது. என்னை இதற்குள் இழுத்தது என் அத்தைக்கு எழுதப்பட்ட ஒரு மருந்துச் சீட்டு. அத்தை குடியாத்தத்தில் இருக்கிறார். சிறுநீர்ப்பைத் தொற்று அவரை வாட்டிக்கொண்டிருந்தது, மாத்திரைகள் கேட்கவில்லை. சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, முடிவைப் பார்த்த மருத்துவர் ஒரே ஒரு பொட்டலம் எழுதிக்கொடுத்தார். மூன்று கிராம் ஃபாஸ்ஃபோமைசின் குருணை. தண்ணீரில் கரைத்து ஒரே வேளை குடித்தால் போதும்.

அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. "என்னம்மா இது, வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக் கேட்காதது ஒரு தம்ளர் தண்ணீரில் கேட்டுவிடுமா?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்விதான். குடித்த மருந்தில் ரத்தத்தில் சேரும் பகுதியை உடல் எதுவும் செய்வதில்லை. கல்லீரல் அதை மாற்றுவதில்லை. சிறுநீரகம் அதை அப்படியே சிறுநீரில் இறக்கிவிடுகிறது. அதனால் சிறுநீர்ப்பையில் மருந்தின் செறிவு மிக உயர்ந்து, நெடுநேரம் நிற்கிறது. ஒரு வேளை போதும் என்பதற்குக் காரணம் இதுதான் என்று சொன்னேன். அத்தை குடித்தார், குணமானார். எனக்குத்தான் அதற்குப் பிறகு வேலை தொடங்கியது. இந்த மூலக்கூறைக் கட்டியது யார், எப்படிக் கட்டினார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கட்டியது மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசீஸ் பாக்டீரியா. ஸ்பெயின் நாட்டு மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசீஸ் ஃப்ரேடியே என்ற இனத்தில் இந்த மருந்தைக் கண்டுபிடித்து, 1969-இல் அறிவித்தார்கள். ஒரு ஸ்பானிய மருந்து நிறுவனமும் அமெரிக்காவின் மெர்க் நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் இந்த வகைப் பிணைப்பு உயிருள்ளவற்றில் இருக்கிறது என்பது அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1959-இல் ஜப்பானைச் சேர்ந்த ஹோரிகுச்சியும் கந்தாட்சுவும் செம்மறியாட்டின் அசைபோடும் வயிற்றில் வாழும் ஒருசெல் உயிரிகளை ஆராய்ந்தபோது, அமினோஈத்தைல்பாஸ்போனேட் என்ற சேர்மத்தைக் கண்டார்கள். அந்த உயிரிகளின் உடலெங்கும் குற்றிழைகள் இருக்கும். அந்தக் குற்றிழைகளைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதற்குச் சிலியாட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் ஆட்டுத் தோலை வைத்துத் தலைமுறைகளாகப் பிழைக்கிறோம். ஆட்டின் வயிற்றைப் போட்டி என்று சொல்லி வறுத்துச் சாப்பிடுகிறோம். வகுப்பில் சிலியாட்டினைப் பற்றிச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சேர்மம் தெரிந்துவிட்டது. அதைக் கட்டும் நொதி கைக்குச் சிக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. ஏன் அவ்வளவு காலம் என்பதில்தான் இந்தத் துறையின் அழகு முழுவதும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாம் உண்ணும் சோறு குளுக்கோஸாகி, குளுக்கோஸ் உடைந்துகொண்டே போகும் பாதையில், கடைசிப் படிக்கு முன்னால் பாஸ்போஈனால்பைருவேட் என்ற சிறிய மூலக்கூறு உண்டாகிறது. மூன்று கார்பன், அவற்றில் ஒன்றின்மேல் ஆக்சிஜன் வழியாக ஒரு பாஸ்பேட். அந்தப் பாஸ்பேட்டை நீர் பிரித்தெடுத்தால் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 62 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். ஏ.டி.பி.யை விட இரண்டு மடங்கு. செல்லுக்குள் இவ்வளவு முறுக்கேறிய பாஸ்பேட் வேறு அதிகம் இல்லை. பாக்டீரியா பாஸ்போனேட் செய்வதற்கு எடுத்துக்கொள்வது இதைத்தான். பாஸ்போஈனால்பைருவேட் மியூட்டேஸ் என்ற நொதி, மக்னீசியத்தின் துணையோடு, பாஸ்பரஸை ஆக்சிஜனிலிருந்து கழற்றி அதே மூலக்கூறில் இருக்கும் கார்பனில் மாட்டுகிறது. வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை, எதுவும் போவதும் இல்லை. அணுக்களின் எண்ணிக்கை மாறாமல் இணைப்பு மட்டும் இடம் மாறுகிறது. கிடைப்பது பாஸ்போனோபைருவேட்.

சிக்கல் இங்கேதான். அவ்வளவு முறுக்கேறிய பாஸ்போஈனால்பைருவேட்டே இந்தப் புதிய சேர்மத்தோடு ஒப்பிட்டால் தாழ்வான நிலையில் இருக்கிறது. வினையைச் சமநிலைக்கு வரவிட்டால், ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாஸ்போஈனால்பைருவேட் மூலக்கூறுகளுக்கு ஒரே ஒரு பாஸ்போனோபைருவேட்தான் தேறும். நொதி எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் இந்த விகிதத்தை மாற்ற முடியாது. சமநிலைக்கு வேகமாகக் கொண்டுபோவது மட்டுமே நொதியின் வேலை. முன்னோக்கி வினையை நடத்தி விளைபொருளைத் தேடியவர்களுக்கு எதுவும் கண்ணில் படாததில் வியப்பில்லை. 1988-இல் ஹார்வர்டில் ஜெரமி நோல்ஸின் குழு வினையைப் பின்னோக்கிப் பார்த்தது. பாஸ்போனோபைருவேட்டைக் கொடுத்து, அது பாஸ்போஈனால்பைருவேட்டாக மாறுகிறதா என்று சோதித்தார்கள். மாறியது. அந்தச் சோதனையைப் பிடித்துக்கொண்டு டெட்ராஹைமினா என்ற குளத்து உயிரியிலிருந்து நொதியைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் டெப்ரா டனவே-மரியானோவின் குழுவும் இந்த நொதியை அறிவித்தது.

சரி, ஐந்நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் பாக்டீரியா எப்படிப் பிழைக்கிறது? அந்த ஒன்றை உடனே எடுத்துவிடுகிறது. இரண்டாவதாக ஒரு நொதி காத்திருக்கிறது. அரிசித் தவிட்டில் இருக்கிறதே தயாமின், அதே பி1 வைட்டமினின் ஒரு வடிவத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பாஸ்போனோபைருவேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடுங்கி வெளியே விட்டுவிடுகிறது. வாயுவாகப் போனது திரும்பி வந்து சேராது. பின்வாங்கும் வழி அடைபட்டது. ஒன்று எடுக்கப்பட்டதும் சமநிலை குலைகிறது, இன்னொன்று உருவாகிறது, அதுவும் எடுக்கப்படுகிறது. மேட்டில் ஏற முடியாத ஒரு வினையை அடுத்த வினை மேலிருந்து இழுக்கிறது. ஆண்டுதோறும் வகுப்பில் வெப்ப இயக்கவியலைச் சொல்லிக்கொடுக்கும்போது "இணைந்த வினைகள்" என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்த ஒரு வரிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அங்கிருந்து ஒரு படி தாண்டினால் ஹைட்ராக்சிஈத்தைல்பாஸ்போனேட். இதை நான் மாணவர்களிடம் ஜோலார்பேட்டை என்பேன். சென்னையிலிருந்து வரும் ரயில்கள் அங்கே பெங்களூருக்கும் சேலத்துக்கும் பிரிவது போல, பாதைகள் இங்கே பிரிகின்றன. ஒரு பாதை ஃபாஸ்ஃபோமைசினுக்குப் போகிறது. இன்னொன்று ஒரு களைக்கொல்லிக்கு. மூன்றாவது கடலுக்கு.

ஃபாஸ்ஃபோமைசின் பாதையில் ஒரு மெத்தில் குழுவைச் சேர்க்க வேண்டும். சேர்க்க வேண்டிய கார்பனோ எந்த வினைக்கும் எளிதில் இசையாதது. ஸ்ட்ரெப்டோமைசீஸ் இதற்கு பி12 வைட்டமினைப் பயன்படுத்தும் ஒரு நொதியை வைத்திருக்கிறது. எலக்ட்ரான் ஜோடி சேராத தனி உறுப்புகளை உருவாக்கி, அவற்றின் வீச்சில் இந்த வேலையைச் செய்கிறது அந்த நொதி. மூலக்கூறு வெறுமனே வந்தால் அது தொடுவதில்லை. சைட்டிடின் மோனோபாஸ்பேட் என்ற நியூக்ளியோடைடு ஒரு முனையில் ஒட்டப்பட்டு வர வேண்டும். வேலை முடிந்ததும் அந்த ஒட்டு கழற்றப்படுகிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள்.

கடைசிப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த முக்கோண வளையம் ஒன்றை மூடவேண்டும். வேதியியலில் வழக்கமான முறை, இரட்டைப் பிணைப்பின்மேல் வெளியிலிருந்து ஓர் ஆக்சிஜனைக் கொண்டுவந்து வைப்பது. இந்தப் படிக்கு உரிய, இரும்பு அணு கொண்ட நொதி அப்படிச் செய்வதில்லை. மூலக்கூறில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜனையே வைத்துக்கொண்டு, பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனை உருவிவிட்டு வளையத்தை மூடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் இதற்குத் துணை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடுதான் அந்தத் துணை என்று 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அடிபட்ட இடத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பெராக்சைடுதான்.

இந்த முக்கோணம்தான் மருந்தின் பல். பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டத் தொடங்கும்போது முரே என்ற நொதி வேலைக்கு வருகிறது. அதற்கு வேண்டிய மூலப்பொருள்களில் ஒன்று எது தெரியுமா? அதே பாஸ்போஈனால்பைருவேட். ஃபாஸ்ஃபோமைசின் அதன் சாயலில் உள்ளே நுழைகிறது. நொதியின் 115-ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டீன் அமினோ அமிலம் அந்த வளையத்தைத் தாக்குகிறது. வளையம் திறந்து சிஸ்டீனோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. நொதி செத்தது, சுவர் எழவில்லை. பாஸ்போஈனால்பைருவேட்டிலிருந்து கிளம்பி இத்தனை படிகள் கடந்து வந்த மூலக்கூறு, இன்னொரு பாக்டீரியாவுக்குள் போய் பாஸ்போஈனால்பைருவேட்டின் இருக்கையில் அமர்கிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், அப்படியென்றால் இதைச் செய்கிற பாக்டீரியா ஏன் சாவதில்லை?" அவள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசீஸ் தன்னிடம் இரண்டு கைனேஸ் நொதிகளை வைத்திருக்கிறது. அவை ஃபாஸ்ஃபோமைசினின் முனையில் முதலில் ஒரு பாஸ்பேட்டையும், பிறகு அதன்மேல் இன்னொன்றையும் ஏற்றி அதை முடக்கிவிடுகின்றன. பின்வரிசையிலிருந்து ஒருவன் காசநோய்க்கு இது கேட்குமா என்றான். எங்கள் ஊருக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். காசநோய் இங்கே யாருக்கும் புத்தகச் சொல் இல்லை. கேட்காது. காசநோய்க் கிருமியின் முரே நொதியில் சிஸ்டீன் இருக்கவேண்டிய இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இருக்கிறது. வளையத்தைத் தாக்க அங்கே ஆள் இல்லை. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் ஒரு மருந்து முழுவதும் பயனற்றுப் போகிறது. மற்ற கிருமிகளும் வேறு வழிகளில் தப்பப் பழகிவருகின்றன. மருந்து உள்ளே வரும் வாயிலை அடைத்துக்கொள்கின்றன, அல்லது முக்கோண வளையத்தைத் தாமே உடைக்கும் நொதிகளைப் பெற்றுவிடுகின்றன. அதனால்தான் வளர்ப்புச் சோதனை இல்லாமல், அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று மருந்துக் கடையில் இதை வாங்கிக் குடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. மிச்சமிருக்கும் சில கதவுகளில் இது ஒன்று.

களைக்கொல்லிப் பாதையைப் பற்றி அணைக்கட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன் ஒருவன் விடாமல் கேட்டான். வீட்டில் கத்திரித் தோட்டம்; மருந்து அடிப்பது அவனுக்குத் தெரிந்த வேலை. குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லி பாக்டீரியாவின் படைப்பு. 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தனித்தனியே ஸ்ட்ரெப்டோமைசீஸ் இனங்களில் கண்டார்கள். அதில் பாஸ்பரஸின் இரண்டு பக்கமும் கார்பன் நிற்கிறது. இயற்கையில் மிக அரிதான அமைப்பு. செடியின் குளுட்டமின் சிந்தட்டேஸ் நொதியை அது முடக்குகிறது. கிளைஃபோசேட்டிலும் கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பு உண்டு, ஆனால் அதை மனிதர்கள் ஆய்வகத்தில் செய்தார்கள். அது தாக்கும் செடி நொதிக்கு வேண்டிய பொருளும் பாஸ்போஈனால்பைருவேட்தான். கிளைஃபோசேட் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நொதி முரேயின் நெருங்கிய உறவு. "மனிதர்கள் யோசித்துச் செய்ததும் பாக்டீரியா செய்ததும் ஒரே இடத்தில் போய் உட்காருகிறதே, மேடம்" என்று பையன் வியந்தான். நானும் வியந்தேன்.

கடல் பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல்மட்டக் கடல்நீரில் ஆக்சிஜன் நிறைய; மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் ஆகாது. இருந்தும் அங்கே மீத்தேன் எதிர்பார்ப்பதைவிட அதிகம். 2012-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மெட்கால்ஃபும் வான் டெர் டோங்க்கும் தங்கள் குழுக்களோடு ஒரு விடை கொடுத்தார்கள். நைட்ரோசோபுமிலஸ் என்ற கடல்வாழ் ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் தனி வகையான நுண்ணுயிர்), நம்முடைய அதே ஜோலார்பேட்டையிலிருந்து மெத்தில்பாஸ்போனேட்டைச் செய்கிறது. பாஸ்பேட்டுக்கு ஏங்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்துப் பாஸ்பரஸை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் மீத்தேனாக வெளியேறுகிறது. உடைக்கும் இயந்திரத்தின் படிகளை விளக்கி 2011-இல் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சித்தேஷ் காமத். இன்று புனேவின் ஐ.ஐ.எஸ்.இ.ஆர். நிறுவனத்தில் பேராசிரியர். இதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன். இந்தத் துறையின் பெயர்ப் பட்டியலில் நம் ஆட்களும் இருக்கிறார்கள் என்று அவர்கள் அறியவேண்டும்.

இந்தப் பாதைகள் எத்தனை கிளை விட்டாலும் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரே மியூட்டேஸிலிருந்துதான் புறப்படுகின்றன. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற செடி நோய்ப் பாக்டீரியாவும் ஃபாஸ்ஃபோமைசின் செய்கிறது. நடுப்பாதை முற்றிலும் வேறு. கார்பன் டை ஆக்சைடை விரட்டும் இரண்டாம் படிக்குப் பதிலாக, அசிட்டைல் கோஎன்சைமோடு சேர்த்துக் கட்டி, அந்த ஐந்நூறில் ஒன்றை வேறு விதமாகப் பூட்டுகிறது. ஆனால் முதல் படி அதே மியூட்டேஸ், கடைசிப் படி அதே இரும்பு நொதி. வெங்காயத்தின் நடுப்பகுதியை அழுகவைக்கும் பான்டோயா பாக்டீரியாவின் நச்சும் பாஸ்போனேட். அதன் பிறப்பும் இந்த மியூட்டேஸில்தான்.

முதல் படி பொதுவானதால் தேடுவது எளிதாகிறது. மருந்தைத் தேட வேண்டாம், மியூட்டேஸின் மரபணுவைத் தேடினால் போதும். மெட்கால்ஃப் குழுவினர், ஸ்ட்ரெப்டோமைசீஸ் சேர்ந்த ஆக்டினோமைசீட் என்ற பிரிவின் 10,000 பாக்டீரியாக்களை இப்படிச் சலித்தார்கள். 278-இல் அந்த மரபணு இருந்தது. 2015-இல் வெளிவந்த அந்த ஆய்வு அதுவரை அறியாத 11 பாஸ்போனேட்டுகளையும் பிரித்தெடுத்துக் காட்டியது. அந்தச் சேமிப்பில் ஜவ்வாது மலை மண் இருந்திருக்க வாய்ப்பில்லை. பாலாற்றுப் படுகையின் உவர் மண், தோல் கழிவு ஊறிய ராணிப்பேட்டை மண், ஏலகிரியின் செம்மண் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மண்வகைகள் சில மணிநேரப் பேருந்துத் தொலைவுக்குள் நமக்குக் கிடைக்கின்றன. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும், மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். கருவிக்கு இது எட்டாத வேலை இல்லை. இப்படிப்பட்ட வேலையை முதுகலை மாணவர்களின் ஆய்வுத் திட்டமாகக் கொடுக்காமல், ஏற்கெனவே ஆயிரம் பேர் செய்த மூலிகைச் சாற்றுச் சோதனையையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம் என்பது என் ஆதங்கம்.

அதனால் வரும் பருவத்தில் என் மாணவர்கள் சிலருக்கு இதைக் கொடுக்கிறேன். மழை விட்டபின் மண் எடுத்து, உலர்த்தி, ஆக்டினோமைசீட்டுகளைத் தனியே வளர்த்து, மியூட்டேஸ் மரபணுவை அடையாளம் கண்டு ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான பிரைமர்களோடு பி.சி.ஆர். ஓட்டவேண்டும். ஜெல்லில் பட்டை தெரிந்தவுடன் துள்ளக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன். ஐசோசிட்ரேட் லயேஸ் போன்ற நொதிகள் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் மரபணு ஏமாற்றிவிடும். வரிசையைப் படித்துப் பார்க்கவேண்டும். குளுட்டமிக் அமிலம், அஸ்பார்டிக் அமிலம், லைசின், நடுவில் எதுவானாலும் ஐந்து அமினோ அமிலங்கள், பிறகு அஸ்பரஜின், செரின் என்ற வரிசை இருந்தால்தான் அது மியூட்டேஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அந்தப் பாக்டீரியாவை வளர்த்த நீரைப் பாஸ்பரஸ் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் வைத்துப் பார்க்கவேண்டும். அந்த நிறமாலையின் அளவுகோலில் சாதாரணப் பாஸ்பேட்டுகள் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். பாஸ்போனேட் பெரும்பாலும் பத்துக்கு மேலே, முப்பதுக்குள் தனியாகத் தெரியும். அந்தக் கருவி எங்களிடம் இல்லை. இருக்கும் இடத்தில் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.